ஆடியில் காய்ச்சிய பால்

அன்று அந்தத் தரைத்தள வீட்டுக்குள் நின்றவர்கள் மூன்று பேர். கட்டிடத்தின் சொந்தக்காரி ராஜினி அக்கா. மொன்றியல் நகரத்து வீட்டு உதவி அலுவலகத்திலிருந்து வீடு பார்க்க வந்த மடாம் எலேன். கட்டிட மேலாளராக இருந்த நான். அங்கே இல்லாதவர்கள், அந்த வீட்டுக்குக் குத்தகை எழுதி ஆகஸ்ட் மாத வாடகையும் கட்டிவிட்டிருந்த யோகமலர் அக்கா, அவருடைய கணவர், மகள் நிவேதா. ஆட்கள் மட்டுமல்ல, ஒரு பாய், ஒரு சோடிச் செருப்பு, கழுவிக் கவிழ்த்த ஒரு கோப்பைகூட அந்த வீட்டில் இல்லை. மடாம் எலேன் குசினி யன்னலைப் பார்க்க வந்தவர். யன்னலை இழுத்துப் பூட்டிப் பார்த்துவிட்டு, வெறும் சுவர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்லப்பட்டது என்பதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். முப்பத்தைந்து வயதில் அனுபவக் கட்டுரை எழுதுகிறவனைப் பார்த்து சிரிப்பார்கள் என்று தெரியும். ஆனால் நான் பத்து வருடத்துக்கு மேல் செய்த வேலை இப்போது இல்லை. ராஜினி அக்கா கட்டிடத்தை மகளின் பொறுப்பில் விட்டார். மகள் அதை ஒரு நிர்வாகக் கம்பனியிடம் கொடுத்தார். தண்ணீர் ஒழுகினால் இப்போது கைபேசியில் ஒரு படத்தை அழுத்த வேண்டும், யாரோ வருவார்கள். எனக்கு வேலை முடிந்தது, தொலைபேசி மட்டும் ஓயவில்லை. புதிதாக மூன்று வீட்டுக் கட்டிடம் வாங்கிய நம்மவர்கள், என்னுடைய வேலையை வேறு இடங்களில் செய்யும் பெடியன்கள், எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்.

"தம்பி, உந்த அரசாங்க உதவியில வாற ஆக்களுக்கு வீடு குடுக்கலாமோ? கரைச்சல் இல்லையோ?"

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். உதவி வாங்குகிறார் என்ற காரணத்தைக் காட்டி ஒருவருக்கு வீடு இல்லை என்று சொல்ல இங்கே இடமில்லை. ஆகவே கேள்வி, குடுக்கலாமோ என்பதல்ல, எப்படிக் குடுப்பது என்பதுதான். ஏற்பாடு இதுதான். குடியிருப்பவர் தன் வருமானத்தில் கால்வாசி அளவு வாடகையாகக் கட்டுவார். மீதியை அலுவலகம் நேரே சொந்தக்காரருக்கு அனுப்பும். அதற்கு முன் அவர்கள் வந்து வீட்டைப் பார்ப்பார்கள், குறை சொல்வார்கள், திருத்தச் சொல்வார்கள். திருத்திய பிறகும் வந்து பார்ப்பார்கள். வருடா வருடம் குடியிருப்பவரின் வருமானத்தைக் கேட்டு அவர் கட்ட வேண்டிய பங்கை மாற்றுவார்கள்.

இதையெல்லாம் நான் சீஜெப் என்கிற தொழிற்கல்லூரியில் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அப்பா உணவகத்தில் கோப்பை கழுவினார், அம்மா இரண்டு மொழியிலும் கையெழுத்து மட்டும் வைப்பார். கட்டிடப் பராமரிப்பு என்ற பாடத்தில் நல்ல புள்ளி எடுத்துக்கொண்டு பார்க் எக்ஸ்டென்ஷனில் ராஜினி அக்காவின் கட்டிடத்துக்கு வேலை கேட்டுப் போனேன். அகலம் குறைந்த படிக்கட்டுகள், மூன்று மாடி, லிஃப்ட் இல்லை. ஐந்து வீடுகள் உதவித் திட்டத்தில் இருந்தன.

ராஜினி அக்கா யாழ்ப்பாணத்து வதிரியில் பிறந்தவர். அகதியாக வந்து தையல் தொழிற்சாலையில் பிரெஞ்சு பழகியவர். கர்க்லாண்ட் புறநகரில் வீடு, சிறிய கார், எப்போதும் அவசரம். அவர் ஒரு வெறும் வீட்டைப் பார்க்கும் முறையை நான் முதன்முதல் பார்த்தபோது என்ன செய்கிறார் என்றே விளங்கவில்லை. உள்ளே வந்ததும் சப்பாத்தைக் கழற்றுவார். எல்லாத் தண்ணீர்க் குழாய்களையும் ஒரேயடியாகத் திறந்துவிட்டு, கழிப்பறையையும் இழுத்துவிட்டு, முன்னறைக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். சுவருக்குள் தண்ணீர் போகிற சத்தத்தைக் கேட்கிறார். பிறகு ஒவ்வோர் அறையிலும் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்காருவார்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய், சீஜெப்? நீயும் இரு."

இருந்தேன்.

"நிண்டு பாத்தா வீடு வாங்க வந்த ஆள் மாதிரித்தான் தெரியும். இப்ப சொல்லு, என்ன தெரியுது?"

வாசல் கதவின் கீழே ஒரு விரல் அளவு வெளிச்சம் தெரிந்தது. பனிக்காலத்தில் அந்த வழியால் என்ன வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெப்பமூட்டியின் தகட்டு விளிம்பு, தவழுகிற பிள்ளையின் கன்னத்து உயரத்தில், கத்தி போல நீட்டிக்கொண்டிருந்தது. நான் அந்த வீட்டை அதற்கு முன் இரண்டு தடவை கையில் விளக்கோடு சுற்றிப் பார்த்திருந்தேன். அலுவலகம் குறை சொல்லும் முன்பே குறைகளைத் தீர்த்துவிடுவது அக்காவின் வழக்கம். ஐந்து வீட்டில் உட்கார்ந்து எழும்பினால் அவருடைய முழங்கால் வலிக்கும். மறுநாளும் உட்காருவார்.

நம்மவர்கள் வீடு பார்க்க வரும்போது கடித உறையில் முற்பணம் கொண்டு வருவார்கள். கியூபெக்கில் முற்பணம் வாங்கக்கூடாது. எத்தனை சொந்தக்காரர் வாங்குகிறார்கள் என்பது வேறு கதை. ஒருவர் அக்காவின் கையில் உறையைத் திணிக்கப் பார்த்தார்.

"இதென்ன?"

"ஒரு நம்பிக்கைக்கு, அக்கா."

"நான் என்ன அடைவுகடையோ வைச்சிருக்கிறன்? கொண்டு போய்ப் பிள்ளையளுக்குக் குளிருக்கு ஏதும் வாங்கு."

இன்னொரு தடவை, மேல் மாடியில் இருந்த ஒருவருக்கு நல்ல வேலை கிடைத்தது. வருமானம் கூடினால் உதவி போய்விடும் என்று பயந்து, அலுவலகத்துக்குச் சொல்லாமல் இருக்கலாமா என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். அக்காவுக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது. படியில் மறித்து, "வேலை கிடைச்சது கெட்ட செய்தியே? பல்லைக் காட்டிக்கொண்டு போய்ச் சொல்லும்" என்றார். அவர் சொன்னார். பங்கு கூடியது, வீடு போகவில்லை.

இப்படியான ஒரு மனுசிதான் யோகமலர் அக்காவின் விஷயத்தில் பிழை விட்டார். அந்தப் பிழையை நம்மவர்கள் மட்டும்தான் விட முடியும்.

யோகமலர் அக்கா குடும்பம் வில்லரேயில், கணவரின் சகோதரி வீட்டு நிலவறையில் இருந்தது. கணவருக்கு வேலையில் முதுகு முறிந்து பாரம் தூக்க முடியாது. நிலவறையின் ஈரத்தில் நிவேதாவுக்கு இழுப்பு. உதவி வீட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, எத்தனையோ பனிக்காலம் காத்திருந்து, கடைசியில் பெயர் வந்தது. எங்கள் கட்டிடத்தில் தரைத்தளத்து நாலரை வீடு அவர்களுக்கு என்று முடிவானது. மொன்றியலில் நாலரை என்றால் இரண்டு படுக்கையறை, ஒரு முன்னறை, ஒரு குசினி. குளியலறைதான் அந்த அரை. படி ஏறத் தேவையில்லாத வீடு என்பதால் அவருடைய கணவருக்கும் தோது.

ஜூலை முழுவதும் திருத்த வேலை. குளியலறைக் காற்றாடி மாற்றினோம், கதவுக்கு அடியில் தகடு அடித்தோம். குசினி யன்னல் மட்டும் கண்ணாடி வராமல் பிந்தியது, அதைப் பிறகு வந்து பார்ப்பதாக அலுவலகம் ஒத்துக்கொண்டது. குத்தகை ஆகஸ்ட் முதலாம் தேதியிலிருந்து. யன்னல் விளிம்பில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டு முடித்ததும், யோகமலர் அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அக்கா, ஆடி பிறந்திட்டுது. ஆவணியில ஒரு நல்ல நாள் பாத்துப் பால் காய்ச்சிப்போட்டு வரட்டோ?"

"பேந்தென்ன? ஆடியில ஆரும் குடிபூருவினமே? ஆவணி பிறக்கட்டும். இந்தா, திறப்பை வைச்சிரு."

எனக்கும் அது சரியாகவே பட்டது. எங்கள் வீட்டிலும் ஆடியில் யாரும் குடி போனதில்லை. இவ்வளவு காலம் காத்திருந்தவர்கள் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றுதான் மூவரும் நினைத்தோம். அந்த வீட்டில் ஒரு குடும்பம் வாழ்கிறது என்று நம்பி அலுவலகம் பணம் அனுப்பிக்கொண்டிருக்கும் என்பது மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆடி மாதத்தின் கனம் அப்படி.

இனி அந்த வெறும் வீட்டுக்கு வருகிறேன். ஆகஸ்ட் நடுப்பகுதிக்கு இன்னும் சில நாள். யன்னல் கண்ணாடி போட்டாயிற்று என்று நான் அறிவித்ததால் மடாம் எலேன் வந்திருந்தார். "இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?"

என் வாயில் ஒரு பதில் உருண்டு நின்றது. சாமான்கள் நாளைக்கு வருகின்றன, ஆட்கள் சின்னப் பயணம் போயிருக்கிறார்கள், இப்படி ஏதோ ஒன்று. அதற்குள் ராஜினி அக்கா தன் தொழிற்சாலைப் பிரெஞ்சில் முந்திக்கொண்டார்.

"ஒருவரும் இல்லை, மடாம். நான் வராதே என்று சொன்னேன்."

மடாம் எலேன் பேனாவை மூடினார். குரல் உயரவில்லை. வரிசையில் எத்தனை குடும்பம் நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியும் என்றார். வீடு கிடைத்தும் குடி வராத குடும்பத்துக்கு வீடு தேவையில்லை என்று அலுவலகம் எடுத்துக்கொள்ளலாம், பெயரை நீக்கலாம் என்றார். வெறும் வீட்டுக்கு உதவிப் பணம் வாங்கிய சொந்தக்காரரோடு செய்த ஒப்பந்தத்தையும் திரும்பப் பார்ப்பார்கள் என்றார். மேலே நாலு குடும்பம் அதே ஒப்பந்தத்தில் இருந்தது.

"ஏன் வராதே என்று சொன்னீர்கள்?"

அக்கா என் பக்கம் திரும்பினார். "ஆடியை எப்பிடியடா பிரெஞ்சில சொல்லுறது?"

எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். எங்களுக்கு ஒரு மாதம் இருக்கிறது, அதில் புது வீட்டில் வாழ்க்கை தொடங்கமாட்டோம் என்றேன்.

மடாம் எலேன் யோசித்தார். "ஜூலை முதலாம் தேதி இந்த நகரமே வீடு மாறுகிறது. அப்போது உங்கள் ஆட்கள் மாறுவதில்லையா?"

"அது ஆனி, மடாம். ஆனியில் பிரச்சினை இல்லை" என்றார் அக்கா. நான் அப்படியே மொழிபெயர்த்தேன். வேறு என்ன செய்வது.

குடியிருப்பவரிடம் தானே நேரில் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, மேல் மாடியில் பார்க்க வேண்டிய இரண்டு வீட்டுக்கு மடாம் எலேன் ஏறிப் போனார். நான் யோகமலர் அக்காவுக்கு அழைத்து நடந்ததைச் சொன்னேன்.  "வாறன்" என்றார். அவ்வளவுதான்.

ராஜினி அக்கா வெறும் தரையில், தன் வழக்கமான இடத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். இந்தத் தடவை எதையும் பார்க்கவில்லை.

"என்ர வாய் அவளின்ர வீட்டைத் திண்டிடும் போல கிடக்கு."

"நாங்கள் வேற மாதிரிச் சொல்லியிருக்கலாம், அக்கா."

"சொல்லி? பேந்து அவளும் வந்து அதையே பொய்யாய்ச் சொல்ல வேணும். அந்தப் பிள்ளையை வைச்சு மொழிபெயர்க்க வேற வேணும். சும்மா இரு."

பஸ் பிடித்து வந்து இறங்கிய யோகமலர் அக்காவை நான் யன்னலால் பார்த்தேன். ஒரு தோளில் பெரிய பை. பின்னால் நிவேதா, நெஞ்சோடு ஒரு சாமிப் படத்தைத் துவாயில் சுற்றி அணைத்துக்கொண்டு வந்தாள். பைக்குள் பால் காய்ச்சும் பானை, சின்ன விளக்கு, உப்புப் பைக்கற், ஒரு தம்ளர். என்ன நடக்கப் போகிறது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அக்காவுக்கும் விளங்கியது. எழுந்து போய் வாசலை மறித்தார்.

"விசரே உனக்கு? ஆடி இன்னும் முடியேல்ல. அதுவும் இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை."

"தெரியும், அக்கா."

"நான் அவவோட கதைக்கிறன். நீ வந்து சும்மா நிண்டாக் காணும். பிள்ளை குட்டியோட இருக்கப்போற வீடு."

"ஆடி வருசா வருசம் வரும், அக்கா. இந்த வீடு வராது. வழியை விடுங்கோ."

அக்கா விலகினார். அவருடைய கட்டிடத்தில் அவரை ஒருவர் வழி விடச் சொன்னதை நான் பார்த்த ஒரே சந்தர்ப்பம் அது. யோகமலர் அக்கா செருப்பைக் கழற்றி, கண்ணை மூடி ஏதோ சொல்லி, வலது காலை எடுத்து வைத்தார். ஆடி மாதத்தில் புது உடுப்பைக்கூடத் தொடாத மனுசி அவர் என்று பிறகு அவருடைய கணவர் சொன்னார். 

படத்தை வைத்தார், விளக்கை ஏற்றினார், பானையை அடுப்பில் வைத்தார். அப்போது நிவேதா கேட்டாள்: "மமான், பால் எங்க?"

வந்த அவசரத்தில் பாலை மறந்துவிட்டார். மூலையில் இருந்த டெப்பனருக்கு ஓடி, கடையில் இருந்த ஒரேயொரு அளவில் பால் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மொன்றியலில் பல வீடுகளில் அடுப்பு கிடையாது, குடி வருபவர் கொண்டு வர வேண்டும். ராஜினி அக்கா எல்லா வீட்டிலும் அடுப்பும் குளிர்ப்பெட்டியும் வைத்திருப்பார். அன்று அது எங்களைக் காப்பாற்றியது. சுருள் கம்பி சிவந்தது. பால் விளிம்புக்கு ஏறும் நேரம் பார்த்து மடாம் எலேன் குசினி வாசலில் வந்து நின்றார். யோகமலர் அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கையை மட்டும் உயர்த்தி, பொறுங்கோ என்று காட்டினார். அலுவலகத்து ஆள் பொறுத்தார். நாங்கள் ஐந்து பேரும் ஒரு பானையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பால் பொங்கியது. பொங்கி வழிய வேண்டும், அதுதான் முறை. வழிந்த பால் செங்கம்பியில் விழுந்து கருகி, புகை மண்டியது. கூரையில் இருந்த புகை அறிவிப்பான் வீரிட்டது. நிவேதா துவாயை எடுத்து விசிறினாள். மேல் மாடிக்காரர் ஒருவர் படியில் ஓடி வந்து எட்டிப் பார்த்தார். மடாம் எலேன் கூரையை அண்ணாந்து பார்த்தார். பேனாவைத் திறந்தார்.

"இது வேலை செய்கிறது" என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

சத்தம் அடங்கியதும் விசாரணை தொடங்கியது. மடாம் எலேன் என்னை மொழிபெயர்க்க விடவில்லை. நான் சொந்தக்காரரின் ஆள் அல்லவா. நிவேதாவைப் பார்த்து, உன் அம்மா ஏன் குடி வரவில்லை என்று கேட்டார்.

"நான்தான் கேட்டனான். அக்காவில பிழை இல்லை எண்டு சொல்லு" என்றார் யோகமலர் அக்கா.

"அவள் ஆயிரம் கேப்பாள். ஓம் எண்டது ஆர்? நான். அதைச் சொல்லு, பிள்ளை."

"நான் கேளாட்டி அவ ஏன் ஓம் எண்டு சொல்லுறா?"

"நீ வாயை மூடு. கட்டிடம் என்ரை."

நிவேதா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வேகமான பிரெஞ்சில் மடாம் எலேனுக்குச் சுருக்கமாகச் சொன்னாள்: "இரண்டு பேரும் தான்தான் செய்தேன் என்று சண்டை பிடிக்கிறார்கள், மடாம்."

தன் தலையில் விழப்போகிற பழியை மற்றவர் தலையில் போட மனிதர் படும் பாட்டை நான் பத்து வருடம் பார்த்தவன். உடைந்த கண்ணாடி, அடைத்த குழாய், எல்லாவற்றுக்கும் பக்கத்து வீட்டுக்காரர்தான் காரணம். அந்தக் குசினியில் கண்டதை நான் வேறெங்கும் காணவில்லை. ஒருத்திக்கு வீடு போகும் பயம், மற்றவருக்கு ஒப்பந்தம் போகும் பயம். இரண்டு பேரும் பழியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு நின்றார்கள்.

மடாம் எலேன் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். "இன்று நான் வந்ததால்தான் இந்தப் பானையைக் கொண்டு வந்தீர்களா?"

"ஓம்" என்றார் யோகமலர் அக்கா, மகளுக்காகக் காத்திராமல். பிறகு தம்ளரில் பாலை ஊற்றிச் சாமிப் படத்துக்கு முன் ஒரு கணம் வைத்து எடுத்து, மடாம் எலேனிடம் நீட்டினார். "நாங்கள் வீட்டுக்குப் பதியேக்க இவள் கார்டெரிக்குப் போற சின்னக் குழந்தை. இண்டைக்கு இவள் எனக்கு மொழிபெயர்க்கிறாள். அதைச் சொல்லு, நிவேதா."

நிவேதா சொன்னாள்.

வீடு பார்க்க வரும்போது ஒரு மிடறு தண்ணீர்கூட வாங்காதவர் மடாம் எலேன். எத்தனையோ தடவை கேட்டு அலுத்துவிட்டேன். அவர் தம்ளரை வாங்கினார். சூடு பொறுக்க முடியாமல் கை மாற்றி மாற்றிப் பிடித்து, நின்றபடியே முழுவதையும் குடித்தார். தம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நான் கண்டதையும் கேட்டதையும் எழுதுவேன். முடிவு என் கையில் இல்லை" என்றார். மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

யோகமலர் அக்கா திரும்பிப் போகவில்லை. கணவர் யாரோ ஒருவரின் வான் வண்டியில் மெத்தைகளோடு வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து அவர்கள் அங்கேதான்.

பதில் வரும் வரை இருந்த நாட்கள் நல்ல நாட்களாக இல்லை. ராஜினி அக்காவின் கணவர் என்னிடமே கோபப்பட்டார். "லீவில போட்டினம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா முடிஞ்சுது. இவ பெரிய அரிச்சந்திரி." அக்கா கட்டிடத்துக்கு வரும்போதெல்லாம் தரைத்தளக் கதவைப் பார்த்துவிட்டு, தட்டாமல் மேலே ஏறுவார். யோகமலர் அக்கா பெட்டிகளில் பாதியை அவிழ்க்கவே இல்லை.

செப்டெம்பரில் முடிவு வந்தது. குடும்பம் வீட்டில் இருக்கலாம். மற்ற நாலு வீட்டின் ஒப்பந்தமும் அப்படியே. ஆகஸ்ட் மாதத்துக்கு அனுப்பிய உதவிப் பணத்தை மட்டும் அலுவலகம் திருப்பி எடுக்கும். நான் அதை வாசித்துச் சொன்னதும் அக்கா, "இவ்வளவுதானோ?" என்று இரண்டு தடவை கேட்டார். நேரே போய்த் தரைத்தளக் கதவைத் தட்டினார். கையில் யோகமலர் அக்கா ஆகஸ்டுக்குக் கட்டிய பங்கு இருந்தது.

"இதெதுக்கு, அக்கா? நான் இருந்தனான்தானே."

"பிடி. ஆடித் தள்ளுபடி எண்டு வைச்சுக்கொள்."

யோகமலர் அக்கா சிரித்து அன்றுதான் பார்த்தேன். மிச்சப் பெட்டிகளை அந்தப் பின்னேரம் நானும் சேர்ந்து அவிழ்த்தேன்.

ஆகவே, தொலைபேசியில் கேட்கிறவர்களுக்கு என் புத்திமதி சின்னது. வீட்டில் உட்கார்ந்து பாருங்கள். முற்பணம் வாங்காதீர்கள். குத்தகை தொடங்கும் நாளை எழுதும் முன் பஞ்சாங்கத்தையும் ஒருமுறை பாருங்கள், ஆடி என்றால் ஆனிக்கோ ஆவணிக்கோ மாற்றும்படி அலுவலகத்திடம் வாய் திறந்து கேளுங்கள். கேட்டால் கேட்பார்கள் என்று மடாம் எலேனே பிறகொரு தடவை எனக்குச் சொன்னார்.

அதற்குப் பிறகும் சிலர் விடமாட்டார்கள். "அது சரி தம்பி, உதவியில வந்த ஆக்களால உங்களுக்கு இவ்வளவு காலத்தில எவ்வளவு நட்டம்?" என்று கேட்பார்கள். என்னிடம் ஒரேயொரு கணக்குத்தான் இருக்கிறது. அலுவலகம் திருப்பி எடுத்தது எண்ணூற்று அறுபது டொலர். அக்கா தள்ளுபடி செய்தது இருநூற்றுத் தொண்ணூறு. டெப்பனரில் நான் வாங்கிய பால் நாலு டொலர் எழுபத்தைந்து சதம். மொத்தம் ஆயிரத்து நூற்று ஐம்பத்து நாலு டொலர் எழுபத்தைந்து சதம்.